ஒன்பதாம் பங்கு

பள்ளத்தூர்.
ஒரு வீடு, எட்டுப் பங்கு.
அளந்து எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு.
கதவு நூற்றுப் பதினான்கு,
அவற்றில் சாவி உள்ளவை நாற்பது.

பளிங்கைப் பெயர்த்துவிடுவதென்று ஏற்கெனவே முடிவு.
சென்னை ஓட்டல்காரர் சதுர அடிக்கு விலை சொல்லிவிட்டார்.
சருகணி ஆரோக்கியம்
கன்றுக்கு மருந்து புகட்டுகிறவன் போல
கடப்பாரையை மெதுவாக இடுக்கில் நுழைத்து
முதல் கல்லைப் புரட்டினான்.

இத்தாலியக் கல். முதுகில் கறுப்பு மை.
ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு,
அப்புறம் மூன்று.
"ஆடு எண்ணுகிறவன் வேலை" என்றான்.
ஐந்தாவதில் ஒரு கவட்டை.
ஒன்பதாவதில் பெருக்கல் குறி,
அதற்கு முன்னால் ஒற்றைக் கோடு,
உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்பதுபோல.

அவன் மைத்துனன் சூசைராஜ் திருச்சி குருமடத்தில்
லத்தீன் வாசிக்கிறான். ஸ்பீக்கரில் போட்டோம்.
ஊனுஸ், துவோ, த்ரேஸ் என்று
வரிசையாக ஒப்பித்தான்.
எட்டில் நின்றான்.
"எல்லா வாத்தியாரும் ஒத்துக்க மாட்டாங்க அக்கா"
என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு சொன்னான்:
"ஒக்தோ இரட்டைச் சொல்லு.
கட்டைவிரலை மடக்குங்க.
இந்தக் கையில நாலு, அந்தக் கையில நாலு.
முன்னொரு காலத்துல எண்ணிக்கை அதோட சரி.
அதுக்கப்புறம் ஒண்ணு வந்துச்சு பாருங்க,
அதுக்கு நோவெம்னு பேரு வச்சாங்க.
நோவுஸ்னா புதுசு."

கல்லைப் பார்த்தேன்.
கையால் எழுதும்போது
அவர்களும் பத்திலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறார்கள்.
வாயால் சொல்லும்போது மட்டும் புதுசு.

நம் ஒன்பதும் அப்படிக் கழிந்ததுதான்,
ஒன்று குறைந்த பத்து என்று சிலர் பிரிப்பார்கள்.
தொண்ணூறுக்குள் நூறு உட்கார்ந்திருக்கிறது,
தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம்.
எங்கே போனாலும்
அடுத்த வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம்.
தொண்டு என்று சொந்தப் பெயர் ஒன்று இருந்ததாம்.
இப்போது அந்தப் பெயரில்
சங்கம் வைத்துக் கண்ணாடி வழங்குகிறார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு
ஆட்டோவில் ஒருத்தி வந்து இறங்கினாள்.
கின் தெய்வானை, மோல்மீன்.
பிளாஸ்டிக் உறையில் ஒரு திருமணச் சீட்டு,
மூத்தவர் வட்டிக்கடை வைத்திருந்த காலத்துக் கையெழுத்து.
தமிழ் வருமா என்றார்கள்.
"வட்டி வரும், வாசல் வராது" என்றாள்.
சிரித்தவன் ஆரோக்கியம் மட்டும்தான்.

எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள்.
ஒன்பது கோயில் கணக்கில்
பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சனம்,
ஒன்பதாவது என்றதும்
ஒருவருக்கும் எண்ண வரவில்லை.
சாத்தப்பன், பேங்கில் இருந்தவர், சொன்னார்:
"ஒன்பதால வகுத்தா மிச்சம் விழும்.
மிச்சத்தை யாரு தலையில கட்டுறது?"

ஐயாயிரத்து எழுநூற்று அறுபது சதுர அடி.
எட்டுக்கு எழுநூற்று இருபது.
ஒன்பதுக்குப் போட்டேன்.
அறுநூற்று நாற்பது.
மறுபடியும் போட்டேன்.
கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
மிச்சம் இல்லை.

சாத்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.

அவளிடம் கேட்டேன்,
உங்கள் ஊரில் ஒன்பதுக்கு என்ன பெயர்.
"கோ" என்றாள்.
அரசன் என்று இங்கே அதற்கு அர்த்தம் என்றேன்.
நம்பாமல் பார்த்தாள்.

வரைவுப் பத்திரத்தில் ஒன்பதாவது வரி எழுதிவிட்டேன்.
கையெழுத்து இன்னும் எட்டுக்கும் விழவில்லை.
"பத்தாவது கல்லை எடுக்கட்டுமா?"
என்றான் ஆரோக்கியம்.

இரு, என்றேன்.